நுண்செயலிகளுக்கிடையே இயைபு

ஒரு கணிப்பொறிக்கென எழுதப்பட்ட நிரல் வேறொரு கணிப்பொறியிலும் மாற்றமின்றி இயங்குமா என்னும் வினா, தனிநபர் கணிப்பொறிகள் தோன்றிய காலத்திலேயே எழுந்ததாகும். நிரல் எழுதுவதற்குப் பல மாத உழைப்பு தேவைப்படும். பொறி மாறுந்தோறும் அவ்வுழைப்பு வீணாகுமாயின், புதிய பொறியை ஏற்க எவரும் தயங்குவர்.

நுண்செயலி எண்களையே கட்டளைகளாக ஏற்கிறது. இன்டெல் நிறுவனம் 1974-ஆம் ஆண்டு வெளியிட்ட 8080 என்னும் நுண்செயலியில், 0 முதல் 255 வரையுள்ள 256 எண்களுள் 244 எண்களுக்கே பொருள் வகுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய 12 எண்கள் பயன்படுத்தப்படாமல் விடப்பட்டன.

8080-ஐ உருவாக்கியவர்களுள் ஒருவரான ஃபெடரிகோ ஃபாஜின், பின்னர் இன்டெலினின்று விலகி, ஸைலாக் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். அந்நிறுவனம் 1976-இல் வெளியிட்ட இஸட்-80, 8080-இன் கட்டளைகள் அனைத்தையும் ஏற்றதோடு, விடப்பட்ட 12 எண்களுக்கும் புதுப்பொருள் வகுத்தது. ஆகவே, 8080-க்கென எழுதப்பட்ட சிபி/எம் இயக்கத் தொகுதி இஸட்-80-இலும் இயங்கிற்று. புதுக் கட்டளைகளைக் கையாண்ட நிரல்களோ 8080-இல் இயங்கவில்லை. இவ்வியைபு ஒரு திசையில் மட்டுமே அமைந்ததாகும். அத்திசையிலும் அது முழுமையானதன்று. கூட்டல், கழித்தலுக்குப் பின் ஒரு குறிப்பிட்ட கொடிபிட் 8080-இல் விடையிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்பதைக் காட்டும். இஸட்-80-இல் விடை எல்லை மீறியதா என்பதைக் காட்டும்.

1976-இலேயே வெளிவந்த இன்டெல் 8085-உம் 8080-இன் கட்டளைகளை ஏற்றது. ஆயினும் 32, 48 என்னும் எண்களுக்கு அது குறுக்கீடுகளைக் கையாளும் பொருளை அளித்தது. இஸட்-80-இல் அவை நிபந்தனைக்குட்பட்ட தாவல் கட்டளைகளாகும். இவ்வாறு, 8080-உடன் இயைந்த இரு நுண்செயலிகளும் தம்முள் முற்றிலும் இயையவில்லை.

1978-இல் வந்த 8086-இன் கட்டளை எண்கள் வேறானவை. எனினும், 8080-க்கென அசெம்பிளி மொழியில் எழுதப்பட்ட நிரலை மொழிமாற்று நிரலின் துணையால் 8086-க்கேற்ப மாற்ற இயன்றது. இது மூலநிரல் இயைபு எனப்படும். 1979-இல் வந்த 8088, 8086-இன் கட்டளைகளையே ஏற்று, தரவை மட்டும் 8 பிட் வழியாகப் பெற்றது. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணிப்பொறியில் இடம்பெற்றது இதுவே.

எனவே, இரு நுண்செயலிகள் இயைபுடையவை எனக் கூறப்படுமிடத்து, அவ்வியைபு கட்டளை எண்ணிலா, மூலநிரலிலா, எத்திசையில் என்பதை மாணவர் முதற்கண் வினவப் பழகுதல் வேண்டும்.