மலையகப் பிள்ளைகள் – 7: தரகரைத் தொடாத காவல்

பிள்ளைக் கடத்தல் என்றதும் வாயைப் பொத்தி வாகனத்தில் தூக்கிப் போடுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. நாவலப்பிட்டியைச் சுற்றிய தோட்டங்களில் அதற்குத் தேவையே இல்லை. தெரிந்த ஆள் ஒருவர் தரகராகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வருகிறார், கொழும்பில் நல்ல வீடு இருக்கிறது என்கிறார், கையில் முற்பணம் வைக்கிறார். பிள்ளை பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்த்திருக்க, ரயிலேறுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2000ஆம் ஆண்டு கொண்டுவந்த ஆட்கடத்தல் நெறிமுறையை இலங்கை 2015இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவரைச் சுரண்டும் நோக்கத்துடன் அழைத்துச் சென்றாலே அது கடத்தல்தான். பலாத்காரம் நடந்ததா, பெற்றோர் சம்மதித்தார்களா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

2009 ஆகஸ்டில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வீட்டு வேலைக்குப் போன இரண்டு சிறுமிகளின் உடல்கள் கொழும்பில் ஒரு கால்வாயில் கிடந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலை 15இல், கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் வேலைக்கிருந்த, டயகமவைச் சேர்ந்த சிறுமி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் இறந்தாள். அவளுக்கு வயது 16. மலையகம் தெருவுக்கு இறங்கியது. அவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட தரகரும் கைதானார். ஆனால் பிள்ளை உயிரோடு இருந்த காலத்தில் அந்தத் தரகரை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. நம்முடைய காவல் சாவுக்குப் பிறகு கொழும்பில் தொடங்குகிறது. அது பிள்ளை புறப்படும் ஊரில் தொடங்க வேண்டும்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. கட்டாயக் கல்வி வயது 2016இலும், வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021இன் தொடக்கத்திலும் 14இலிருந்து 16ஆக உயர்ந்தன. டயகம சிறுமியின் சாவுக்குப் பின், 18 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலையில் அமர்த்துவதும் ஆபத்தான தொழில்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் இவையெல்லாம் வயதைப் பற்றிய சட்டங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையின் வயதை யார் போய்ப் பார்ப்பது? தரகர் கொடுக்கும் முற்பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: முற்பணத்தால் ஆளைக் கட்டிப்போடும் வழக்கம் தோட்டத்துக்குப் புதிதல்ல. தொழிலாளரைத் திரட்டி வந்த கங்காணிகளின் காலத்தில் கடன் கணக்கைத் துண்டில் எழுதித் தொழிலாளியைக் கட்டி வைத்தார்கள். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஒரு நூற்றாண்டு கழித்தும் முற்பணம் மட்டும் வேறு கைக்கு மாறி நடமாடுகிறது.

வறுமைதானே காரணம், பெற்றோரே அனுப்பினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். வறுமை உண்மைதான். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக வேண்டும் என்ற கோரிக்கை வர்த்தமானியில் ஏறவே 2021 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் வறுமை பிள்ளையை வீட்டு வாசல் வரைதான் கொண்டுவரும். அங்கிருந்து கொழும்புக்குக் கூட்டிப்போக ஒரு தரகர் வேண்டும், பூட்டி வைக்க ஒரு வீடு வேண்டும். தரகரையும் வீட்டுக்காரரையும் விட்டுவிட்டுத் தாயைத் திட்டுவது அநியாயம்.

போவதையே தடுத்துவிட்டால் தீராதா என்பது அடுத்த கேள்வி. வளர்ந்த பெண்கள் விடயத்தில் அதையும் செய்து பார்த்தாயிற்று. மூதூரின் ரிசானா நபீக் 17 வயதில், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிச் சவூதிக்கு அனுப்பப்பட்டவர். 2013 ஜனவரியில் அங்கே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக அரசு தடை போட்டது. தடைக்கு அஞ்சிய பெண்கள் சுற்றுலா விசாவில், பதிவில்லாத முகவர்களை நம்பிப் புறப்பட்டார்கள். வளர்ந்த பெண்ணுக்குத் தேவை தடையல்ல, பதிவும் ஒப்பந்தமும். பிள்ளைக்கோ தடை வேண்டும். அந்தத் தடை தரகரின் கழுத்தில் விழ வேண்டும்.

அதற்குப் புதிய அலுவலகம் எதுவும் தேவையில்லை. பள்ளிக்கூட வரவுப் பதிவேட்டில்தான் முதல் தடயம் விழுகிறது. 15 வயதுப் பிள்ளை இரண்டு வாரம் வரவில்லையென்றால் வகுப்பாசிரியருக்குத் தெரியும், தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் செய்தி கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துச் சிறுவர் உத்தியோகத்தருக்கும் அந்த வாரமே போய்ச் சேர வேண்டும். ஆசிரியர்களே, பக்கத்து லயத்துக்காரர்களே, பிள்ளை எங்கே என்று கேளுங்கள், கூட்டிப்போனவர் யார் என்றும் கேளுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தில் தமிழிலேயே முறையிடலாம்.