பாம்புக்கடி: தேர்வு கேட்பதும் கண்ணாடிக் குழாய் சொல்வதும்

வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பியவர்கள் எழுதுவது எஃப்எம்ஜிஇ தேர்வு. 300 கேள்விகள், 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. அதை எழுதுவோரிடமிருந்து அவசர மருத்துவம் பற்றி எனக்கு வந்த கடிதங்களில் மாரடைப்பையும் பூச்சிமருந்தையும் விடப் பாம்புக்கடியில்தான் குழப்பம் அதிகம். கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: வயலில் வேலை செய்துகொண்டிருந்த 35 வயது விவசாயியைக் காலில் பாம்பு கடித்திருக்கிறது. கணுக்காலில் லேசான வீக்கம். 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையில் இரத்தம் உறைந்துவிட்டது. அடுத்து என்ன செய்வீர்கள்?

நஞ்சுமுறிவு மருந்து பத்துக் குப்பி என்கிறது ஒரு வழிகாட்டிப் புத்தகம். வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறது இன்னொன்று. 24 மணி நேரம் படுக்கையில் வைத்துச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்கிறது மூன்றாவது. மூன்றாவதுதான் சரி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளில் எதன் நஞ்சு எதைத் தாக்கும் என்பதெல்லாம் கடிதம் எழுதியவர்களுக்கே தெரியும். மூன்றாவது விடை ஏன் சரி என்பதைக் குழாயைப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

சோதனை இவ்வளவுதான். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடி டெஸ்ட் டியூபில் 2 மில்லி இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை சாய்க்க வேண்டும். தண்ணீர்போல் வழிந்தால் உறையவில்லை. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், லேப் டெக்னீஷியன்கூட வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கும் பயிற்சி மருத்துவர் தானே செய்துவிடலாம். இதைவிட எளிய, இதைவிடப் புத்திசாலித்தனமான சோதனை அவசர சிகிச்சையில் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

குழாய் ஏன் கண்ணாடியாக இருக்க வேண்டும்? இரத்தம் கண்ணாடியின் பரப்பைத் தொட்டதும் பன்னிரண்டாம் உறைவுக் காரணி விழித்துக்கொள்கிறது. உறைதல் அங்கே தொடங்குகிறது. இதை மருத்துவ உலகம் அறிந்தது ஜான் ஹேக்மன் என்ற அமெரிக்க ரயில்வே ஊழியரால். அவருடைய இரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய வெகுநேரம் பிடித்தது. ஆனால் அவருக்கு இரத்தக்கசிவு நோய் எதுவும் இல்லை. கிளீவ்லாந்தில் ஆஸ்கர் ராட்னாஃப் இதை ஆராய்ந்து 1955இல் எழுதினார். அந்தக் காரணி இன்றும் ஹேக்மன் பெயராலும் வழங்குகிறது. அவர் உடலில் பெரிய குறையாகத் தெரியாத ஒன்று குழாயில் மட்டும் குறையாகத் தெரிந்தது. பிளாஸ்டிக் குழாயில் நடப்பதும் இதுதான். அதில் தூண்டுதல் இல்லாததால் நல்ல இரத்தமும் உறையத் தாமதிக்கும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயும் இப்படியே ஏமாற்றும்.

இப்போது நஞ்சுக்கு வருவோம். கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தை நீர்க்கச் செய்கிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நடப்பது நேர்மாறானது. அந்த நஞ்சு பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் தூண்டி, இரத்தத்தை உறையவைக்கவே பார்க்கிறது. சுருட்டை விரியனின் நஞ்சு இன்னும் நேராகப் புரோத்ராம்பினையே தூண்டுகிறது. 1930களில் இங்கிலாந்தில் மேக்ஃபர்லேன் என்ற மருத்துவர் கண்ணாடி விரியன் நஞ்சை நீர்த்து, ஹீமோபிலியா நோயாளிகளின் காயத்தில் இரத்தத்தை நிறுத்தப் பயன்படுத்தினார். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் கண்டறியும் ஒரு சோதனையில் இன்றும் பயன்படுவது அந்த நஞ்சுதான்.

உறையவைக்கும் நஞ்சு ஏன் இரத்தம் உறையாமல் செய்கிறது? உடல் முழுக்க ஒரே நேரத்தில் தூண்டிவிடுவதால், கையிருப்பில் இருந்த ஃபைப்ரினோஜன் அத்தனையும் தீர்ந்துபோகிறது. நள்ளிரவில் ஏரி மடையைத் திறந்துவிட்டால் பயிருக்குப் பாயாமல் தண்ணீர் எல்லாம் வீணாகி, விடியும்போது ஏரி வறண்டு கிடக்குமே, அப்படி. குழாயில் வழியும் இரத்தம் அந்த வறட்சியின் அடையாளம்.

தேர்வில் அதிகம் தவறும் அடுத்த கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. நஞ்சுமுறிவு மருந்து மடையை அடைக்கும், ஏரியை நிரப்பாது. நிரப்ப வேண்டியது கல்லீரல். நஞ்சு முறிந்த பிறகு உறைவுக் காரணிகளைப் போதிய அளவுக்குக் கல்லீரல் மீண்டும் உருவாக்க ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். அதனால்தான் மருந்து கொடுத்து 6 மணி நேரம் கழித்து மறுசோதனை. அப்போதும் உறையவில்லை என்றால் அடுத்த தவணை. ஒரு மணி நேரத்தில் சோதித்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று குப்பி மேல் குப்பியாக ஏற்றுவது தவறு. இரத்தக்கசிவு நிற்காமல் தொடர்ந்தால் மட்டும் ஓரிரு மணி நேரத்திலேயே மறுதவணை கொடுக்கலாம்.

முதல் கேள்வியின் விவசாயிக்கும் இதே கணக்குதான். கடித்த சற்று நேரத்தில் அவர் வந்திருந்தால் ஃபைப்ரினோஜன் இன்னும் தீர்ந்திருக்காது, இரத்தம் உறையும். நஞ்சு இறங்கவில்லை என்பதற்கு அது சான்றல்ல. நஞ்சே செலுத்தாத வெறும் கடியாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல நேரம் ஒன்றால்தான் முடியும்.

என்னைக் கவலைப்பட வைப்பது அடுத்தது. தேர்வுத்தாளில் இந்தச் சோதனைக்கு "உறைந்தது", "உறையவில்லை" என்ற இரண்டே முடிவுகள். கட்டிலருகே அப்படி இல்லை. பிளாஸ்டிக் குழாயிலோ, நேரம் ஆகும் முன்பே சாய்த்தோ பார்த்தால் நல்ல இரத்தமும் உறையாததுபோல் தெரியும்; தேவையில்லாதவருக்கு நஞ்சுமுறிவு மருந்திலுள்ள குதிரைப் புரதம் ஏறும், ஒவ்வாமை உயிரையே பறிக்கலாம். மறுபக்கம், நஞ்சேறியவரின் இரத்தம் பலவீனமாக உறைந்ததைப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று எழுதிவிட்டால் மருந்து தாமதமாகும். இலங்கையில் கண்ணாடி விரியன் கடிபட்டவர்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருத்துவமனைச் சூழலில் இந்தச் சோதனை உறைவுக் கோளாறு உள்ளவர்களில் 40 விழுக்காட்டினரை மட்டுமே பிடித்தது. ஊழியர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து இலங்கையிலேயே பின்னர் நடத்திய இன்னோர் ஆய்வில் அது 80 விழுக்காட்டைத் தாண்டியது. மாறியது சோதனை அல்ல, செய்த கைகள்தான். கூட வந்த உறவினர் ஒருவரின் இரத்தத்தைப் பக்கத்தில் இன்னொரு குழாயில் வைத்து ஒப்பிட்டாலே பாதிப் பிழை தெரிந்துவிடும். எம்சிக்யூவில் இதற்கு மதிப்பெண் இல்லாததால் இதைச் சொல்லிக்கொடுப்பவர்களும் குறைவு.

அரசைக் கேட்டால் "மருந்து போதிய அளவு கையிருப்பில் உள்ளது" என்ற பதில் உடனே வரும். குழாய் கையிருப்பில் உள்ளதா என்று யாரும் கேட்பதில்லை, அரசு சொல்வதும் இல்லை. இந்தியாவின் பாம்புக்கடிச் சாவுக் கணக்கிலும் இதே நிலைதான். அரசின் பழைய பதிவுகள் ஆண்டுக்கு ஓரிரு ஆயிரம் பாம்புக்கடிச் சாவுகளையே காட்டின. வீடு வீடாகக் கேட்டறிந்த பத்து லட்சம் மரணங்கள் ஆய்வின் அடிப்படையில் 2020இல் வந்த மதிப்பீடோ 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 என்றது. 2024 மார்ச்சில் வந்த தேசியச் செயல்திட்டம் 2030க்குள் சாவுகளைப் பாதியாக்கும் என்கிறது. எந்த எண்ணில் பாதி? 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது நல்ல முடிவு. ஆனால் மருத்துவமனைக்கு வராமலே இறப்பவர் அந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார்.

நஞ்சுமுறிவு மருந்தின் குப்பியில் "பல பாம்புகளின் நஞ்சுக்கும்" என்ற பொருளில் எழுதியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அந்த நான்கு இனங்களுக்கு மட்டும். மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சிலும் பெரும்பங்கு, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அவர்களின் திறமையில்தான் நாட்டின் மருந்தே நிற்கிறது. குறை அவர்களுடையது அல்ல. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் இடத்துக்கு இடம் மாறும், வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சில பாம்புகளுக்கு இந்த மருந்து போதாது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தூக்கிய மூக்குக் குழிவிரியனுக்கும் இது பயன்படாது.

மற்ற கேள்விகளுக்கு:

குழந்தைக்கு மருந்து அளவைக் குறைக்க வேண்டுமா? வேண்டாம், பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

கர்ப்பிணிக்கு? அதே அளவு.

மருந்துக்கு முன் தோலில் சோதனை ஊசி? பயனில்லை. ஒவ்வாமை வந்தால் பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தசையில், முன்பே எடுத்து வைத்திருங்கள்.

இறுகக் கட்டிய கயிற்றோடு வந்தால்? சட்டென்று அவிழ்க்காதீர்கள், மருந்தும் மூச்சுக்கான ஏற்பாடும் தயாரான பிறகு மெல்ல அவிழ்த்துவிடுங்கள்.

வீங்கிய காலைக் கீறித் திறக்கலாமா? இரத்த உறைவு சரியாகி, தசை அறையின் அழுத்தத்தை அளந்த பிறகே.

நியோஸ்டிக்மின் யாருக்கு? நல்லபாம்புக் கடிக்கு, அட்ரோபினுடன். கட்டுவிரியனுக்கு அநேகமாகப் பலிக்காது.

தரையில் படுத்துத் தூங்கியவர், விடிகாலையில் வயிற்றுவலி, இமை சரிகிறது, கடித்த தடம் இல்லை? கட்டுவிரியன், இரத்தம் உறைவதை நம்பி ஏமாறாதீர்கள்.

அவருக்குக் கைகால் அசையவில்லை, கண்பாவை விரிந்து ஒளிக்குச் சுருங்கவில்லை என்றால் மூளைச்சாவா? இல்லை, நஞ்சு நரம்பையும் தசையையும் பிரித்து வைத்திருக்கிறது. வென்டிலேட்டரை நிறுத்தாதீர்கள், நாள்கணக்கில் ஆனாலும் எழுந்துவிடக்கூடும்.