பத்துப் பங்கு ஒன்றாகும்போது

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் எம்.ஆர்.எஃப். என்ற பெயரைத் தெரியாதவர் இருக்க மாட்டார். அந்த டயர் கம்பெனியின் ஒரு பங்கு 2023 ஜூன் மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. வோடஃபோன் ஐடியா பங்கோ ஏழு ரூபாய்க்கும் கைமாறியிருக்கிறது. ஆனால் எம்.ஆர்.எஃப். பங்குகள் மொத்தமே சுமார் 42.4 லட்சம்தான், லட்சம் ரூபாய் வீதம் போட்டால் ஏறத்தாழ 42,400 கோடி ரூபாய். மத்திய அரசு தனக்கு வரவேண்டிய பாக்கியில் ஒரு பகுதியை 2025 ஏப்ரலில் பங்குகளாக மாற்றிக்கொண்ட பிறகு, வோடஃபோன் ஐடியாவின் பங்குகள் 10,800 கோடியைத் தாண்டிவிட்டன. ஏழு ரூபாய் வீதம் பெருக்கினாலே 75,000 கோடிக்கு மேல் வருகிறது. எத்தனை கூறு போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு கூறின் விலையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ‘அஞ்சு ரூபாய்தானே, ஆயிரம் பங்கு வாங்கிப் போடலாம்’ என்ற கணக்கு தவறுவது இங்கேதான்.

ரிவர்ஸ் ஸ்பிளிட் எனப்படும் பங்கு ஒருங்கிணைப்பையும் இந்தக் கணக்கை வைத்தே பார்க்க வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பத்து மெல்லிய கொலுசுகளை உருக்கி ஒரு கனத்த கொலுசு செய்தால் வெள்ளி கூடிவிடாது. அதுபோல ஐந்து ரூபாய் விலையில் 1,000 பங்கு வைத்திருப்பவர், பத்துக்கு ஒன்று என்று சேர்த்த பிறகு, ஐம்பது ரூபாய் விலையில் 100 பங்கு வைத்திருப்பார். அன்றும் இன்றும் 5,000 ரூபாய்தான். பிறகு ஏன் செய்கிறார்கள்? அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு விலை ஒரு டாலருக்குக் கீழேயே நீடித்தால் பட்டியலிலிருந்து நீக்கப்படும் ஆபத்து உண்டு. சிட்டிகுரூப்புக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் மலிவுப் பங்கு என்ற தோற்றம் போகட்டும் என்று 2011 மே மாதம் பத்துப் பங்கை ஒன்றாக்கியது. நம் நாட்டில் இது அபூர்வம். வரும்போது பெரும்பாலும் நஷ்டக் கணக்கைச் சீர்செய்யும் திட்டத்தோடு சேர்ந்தே வருகிறது.

கவனிக்க வேண்டியதும் அந்தத் திட்டத்தைத்தான். 2021இல் த்ரீ ஐ இன்ஃபோடெக் தன் பங்கின் முகமதிப்பைப் பத்து ரூபாயிலிருந்து ஒரு ரூபாயாகக் குறைத்து, அப்படிக் குறைத்த பத்தை ஒன்றாகச் சேர்த்தது. சுமார் 1,616 கோடி மூலதனம் 161 கோடிச் சொச்சமானது. எல்லோருக்கும் ஒரே விகிதம் என்பதால் கம்பெனியில் யாருடைய உரிமையும் குறையவில்லை. ருசி சோயாவில் நடந்தது வேறு. திவால் தீர்வுத் திட்டப்படி 2019இல் பழைய பங்குதாரரின் நூறு பங்குக்கு ஒன்றே மிஞ்சியது. அதோடு கம்பெனியை வாங்கிய பதஞ்சலி தரப்புக்குப் புதிய பங்குகள் மலைபோல் போயின. பொதுமக்களிடம் இருந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மூன்று ரூபாய்ச் சொச்சம் விலையில் இருந்த நூறு பங்குக்கு ஈடாகக் கிடைத்த அந்த ஒற்றைப் பங்கு, 2020 ஜனவரியில் மீண்டும் சந்தைக்கு வந்தபோது சுமார் 17 ரூபாய்தான். நூறு ஒன்றானதால் மட்டும் இந்த இழப்பு வரவில்லை, புதிதாக வந்தவருக்குக் கிடைத்த பங்கினால் வந்தது. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தபோது பங்குதாரருக்கு அந்த ஒன்றும் மிஞ்சவில்லை.

ருசி சோயா அதே ஆண்டு ஜூனில் 1,500 ரூபாயைத் தொட்டதே, காத்திருந்தவருக்கு லாபம்தானே என்று கேட்கலாம். சந்தையில் விற்கப் பங்கே இல்லாதபோது ஏறிய விலை அது. 2022 மார்ச்சில் பொதுமக்களுக்குப் பெரிய அளவில் பங்கு விற்க வந்தபோது கம்பெனியே வைத்த விலை 650 ரூபாய். ‘ஒருங்கிணைத்த பிறகு பங்கு விழத்தானே செய்கிறது?’ என்பது இன்னொரு கேள்வி. பல இடங்களில் விழுவது உண்மை. ஆனால் இந்த வழிக்கு வரும் கம்பெனிகளில் பெரும்பாலானவை முன்பே நோய்ப்பட்டவை. மருந்துக் கடைக்கு வந்ததால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

ஒருங்கிணைப்புக்குப் பொதுக்கூட்ட ஒப்புதல் வேண்டும். வாக்குரிமை விகிதம் மாறுமானால் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமும் அனுமதிக்க வேண்டும். அறிவிப்பு வந்தால் விகிதத்தை விட்டுவிட்டு, புதுப் பங்கு யாருக்குப் போகிறது என்ற பக்கத்தைத் தேடிப் படியுங்கள். அடுத்தது உதிரி. பத்துக்கு ஒன்று என்றால் 37 பங்கு வைத்திருப்பவருக்கு மூன்று முழுப் பங்கும் 0.7 உதிரியும் வரும். வழக்கமாக உதிரிகளையெல்லாம் சேர்த்து விற்று அவரவருக்குப் பணமாகத் தருவார்கள். ஏழு பங்கு மட்டும் வைத்திருந்தவர் பங்குதாரராகவே இருக்க மாட்டார். அந்தப் பணம் டீமேட்டோடு இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். லட்சுமி விலாஸின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 2022 மார்ச் முதல் செல்லாது. இன்னும் அதையே வைத்திருப்பவர்கள் முதலில் மாற்றிவிட வேண்டும்.