கைப்பேசிக் கம்பெனிகள் கைகோத்தால்...

யானையும் யானையும் மோதிக்கொண்டால் நடுவில் அகப்பட்ட சருகுமான் மாண்டுபோகும் என்று மலாய்க்காரர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஆனால், மோதிக்கொண்டிருந்த இரண்டு யானைகள் ஒரு நாள் சமாதானமாகி ஒரே கொட்டாரத்தில் போய் நின்றுகொண்டால்? சருகுமானுக்கு அது நல்ல காலமா, கெட்ட காலமா? பழமொழி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி அந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்தது. ஆண்டுக்கணக்காக ஒன்றை ஒன்று முந்தப் பார்த்த செல்காம், டிஜி என்ற இரண்டு கைப்பேசிக் கம்பெனிகளும் அன்று ஒன்றாகிச் செல்காம்டிஜி ஆயின. செல்காமின் சொந்தக்காரரான அக்சியாத்தாவுக்கும், டிஜியின் பின்னால் இருந்த நோர்வே நாட்டு டெலினோருக்கும் புதிய கம்பெனியில் ஆளுக்கு 33.1 விழுக்காட்டுப் பங்கு. வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர். நாட்டிலேயே மிகப் பெரிய கைப்பேசிக் கம்பெனி அதுதான் என்று ஆயிற்று.

"அது முதலாளிமார் விவகாரம், நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியுமா வாசகர்களே? சம்பளம் வங்கியில் விழுந்ததா என்று பார்ப்பதும், பிள்ளையின் பள்ளிச் செய்தியைப் படிப்பதும், ஆஸ்பத்திரித் தவணையைத் தெரிந்துகொள்வதும் இன்று கைப்பேசியில்தான். அரிசி, எண்ணெய் போல் இதுவும் மாதச் செலவுப் பட்டியலில் ஏறிவிட்டது. எனவே அந்த விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வரலாறு

நம் கைப்பேசி எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். அதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

1985-இல் தொலைத்தொடர்பு இலாகா 'அத்துர் 450' என்ற சேவையைக் கொண்டுவந்தது. அது பெரும்பாலும் காரில் பொருத்திக்கொண்டு போகும் தொலைபேசி. பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டியது. பிறகு செல்காம் வந்தது. 1995-இல் மெக்சிசும், பின்னாளில் டிஜி ஆன முத்தியாராவும் களத்தில் இறங்கின. 012 என்றால் மெக்சிஸ், 016 என்றால் டிஜி, 019 என்றால் செல்காம், 013 என்றால் டிஎம் டச், 017 என்றால் டைம்செல் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்.

அத்தனை பேருக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு நம் சந்தை பெரிதாக இல்லை. 2003-வாக்கில் டிஎம் டச் செல்காமோடு சேர்ந்தது. டைம்செல்லை மெக்சிஸ் வாங்கியது. எண் மாறவில்லை, முதலாளி மாறினார். எஞ்சியவை மூன்றே மூன்று பெரிய கம்பெனிகள்.

அதற்குப் பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. 018 எண்ணோடு யு மொபைல் நான்காவதாக உள்ளே வந்தது. 2008-இல் எண்ணை மாற்றாமலேயே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்தது. இந்த இரண்டாவது காரியம் சின்னது போல் தெரியும், ஆனால் பெரியது. அதுவரை கம்பெனி பிடிக்காவிட்டாலும், பள்ளியிலும் ஊழியர் சேமநிதியிலும் உறவினரிடமும் கொடுத்த எண்ணை விட மனமில்லாமல் பலர் அதிலேயே கட்டுண்டு கிடந்தார்கள். கயிறு அவிழ்ந்த பிறகுதான் கம்பெனிகளுக்கு வாடிக்கையாளர் மேல் கொஞ்சம் பயம் வந்தது.

தோட்டத்துக் கடையும் பட்டணத்து பஸ்ஸும்

போட்டி என்றால் என்ன என்று தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் ஒரே ஒரு மளிகைக் கடைதான். சம்பளம் போடும்வரை '555' புத்தகத்தில் கடன் எழுதிக்கொள்வார்கள். கடைக்காரர் வைத்ததே விலை. அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. வேறு கடை இல்லை, அவ்வளவுதான்.

பிறகு பட்டணத்துக்கு பஸ் ஓட ஆரம்பித்தால் என்ன ஆகும்? எல்லாரும் பஸ் ஏறிவிட மாட்டார்கள். பத்துப் பேர் ஏறினால் போதும். மற்றவர்களும் ஏறிவிடுவார்களோ என்ற பயத்தில் தோட்டத்துக் கடையில் விலை இறங்கும். பஸ்ஸே ஏறாத பாட்டிக்கும் அந்த விலைதான்!

ஆகவே, போட்டி என்பது கடைப் பலகைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. பிடிக்காவிட்டால் போய்விட வழி இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. இரண்டு கம்பெனிகள் ஒன்றானால், அந்த வழி குறுகுமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சேர்ந்தவர்கள் விலையை ஏற்றினால், சேராத மூன்றாம் கடைக்காரரும் 'நாமும் ஏற்றலாம்' என்று துணிவார். நஷ்டம் இரண்டு கோடிப் பேரோடு நிற்காது.

ஏன் சேர்கிறார்கள்?

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கைப்பேசித் தொழிலில் முதல் ஆளுக்குப் பேச்சுச் சேவை கொடுக்கக் கோபுரம் கட்ட வேண்டும். ஆயிரமாவது ஆளுக்கு அதே கோபுரம் போதும். ஒரே குன்றின் மேல் இரண்டு கம்பெனிகள் தனித்தனியாகக் கோபுரம் கட்டி, தனித்தனியாக மின்சாரம் கொடுத்து, தனித்தனியாக ஆள் வைத்தால் அது இரட்டைச் செலவு. இரண்டும் ஒன்றானால் ஒரு கோபுரத்தைக் கழற்றிவிடலாம். மிச்சமாகும் பணத்தில் கோபுரம் இல்லாத இடத்தில் புதிதாகக் கட்டலாம்.

அதோடு அலைக்கற்றை என்று ஒன்று இருக்கிறது. குரலும் படமும் காற்றில் போகும் பாதை அது. நெடுஞ்சாலையின் தடங்களைப் போல, அதிகத் தடம் வைத்திருப்பவர் அதிக வேகத்தில் ஓட்டலாம். அலைக்கற்றை நாட்டின் சொத்து. அரசாங்கம்தான் பகிர்ந்து கொடுக்கிறது. இருவரும் சேர்ந்தால் இருவர் தடமும் ஒருவருக்கே வந்துவிடும்.

'கட்டலாம்' என்று சொன்னோமே தவிர, 'கட்டுவார்கள்' என்று சொல்லவில்லை. மிச்சமான பணம் புதிய கோபுரமாகுமா, பங்குதாரர் கைக்குப் போகுமா? போட்டி இருந்தால் கோபுரமாகும். போட்டி இல்லாவிட்டால் யாருக்கு அவசரம்?

ஆணையம் போட்ட நிபந்தனைகள்

நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் தொலைத்தொடர்புத் தொழிலுக்குப் பொருந்தாது. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டமே அதற்குரியது. அதன் 133-ஆம் பிரிவு, போட்டியைப் பெருமளவு குறைக்கும் நோக்கமுள்ள காரியங்களைத் தடுக்கிறது. செல்காம், டிஜி இணைப்பைப் பரிசீலித்த மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2022 ஏப்ரலில் தன் கவலைகளை எழுத்தில் தெரிவித்தது. ஜூன் மாத இறுதியில், இரு கம்பெனிகளும் கொடுத்த வாக்குறுதிகளின் பேரில் ஆட்சேபம் இல்லை என்று கூறியது.

அவற்றுள் முக்கியமானவை மூன்று. முதலாவது, 70 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைப் படிப்படியாகக் கைவிட வேண்டும். மற்றவர்களுக்கும் தடம் வேண்டுமல்லவா? இரண்டாவது, சில மாநிலங்களில் 'எங்கள் சிம்மை மட்டுமே விற்க வேண்டும்' என்று விநியோகஸ்தர்களைக் கட்டிப்போடும் ஏற்பாட்டை விட வேண்டும். மூன்றாவது, சொந்தக் கோபுரம் இல்லாத சிறிய கம்பெனிகளுக்குச் சேவையை மொத்த விலைக்கு விற்கத் தனிப்பிரிவு ஒன்றை அமைக்க வேண்டும்.

ட்யூன் டாக், ரெட்ஒன், எக்ஸ்ஓஎக்ஸ் என்று சிம் கார்டு விற்பவர்கள் இந்தச் சிறிய கம்பெனி வகை. பெரிய கடையில் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிக்கனமான திட்டங்களைக் கொடுப்பவர்கள் இவர்களே. மொத்த விலையைப் பெரியவர் ஏற்றினால், சில்லறைக்காரர் கடையை மூட வேண்டியதுதான். அதனால் அந்த மூன்றாவது நிபந்தனையை ஏட்டுச் சுரைக்காயாக விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

வெளியூர் அனுபவத்தையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கிய ஏர்செல் நம்மில் பலருக்கு நினைவிருக்கும்; ஊருக்குப் போகும்போது அந்த சிம்மைத்தான் வாங்கிப் போட்டவர்கள் உண்டு. 2006-இல் அதன் பெரும்பங்கை வாங்கியது நம் நாட்டு மெக்சிஸ்தான்.

2016 செப்டம்பரில் ஜியோ என்ற புதிய கம்பெனி இலவசமாகச் சேவை கொடுத்துக்கொண்டு இந்தியச் சந்தைக்குள் நுழைந்தது. விலை தரைமட்டத்துக்கு இறங்கியது. மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்த வெள்ளத்தில் பலர் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2018-இல் ஏர்செல் திவாலானது. அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. டெலினோரின் இந்தியக் கிளை ஏர்டெல்லோடு கலந்தது. தனியார் துறையில் மிஞ்சியவை மூன்று. 2019 டிசம்பரில் அந்த மூன்றும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றின. 2024 ஜூலையிலும் அப்படியே நடந்தது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான பாடம். 2011-இல் ஏடி அண்ட் டி கம்பெனி 3,900 கோடி டாலருக்கு டி-மொபைலை வாங்கப் பார்த்தது. அரசாங்கம் வழக்குப் போட்டது, பேரம் முறிந்தது. தனித்து விடப்பட்ட டி-மொபைல், பிழைக்க வேண்டுமே என்று 2013-இல் இரண்டு வருட ஒப்பந்தக் கட்டையே தூக்கி எறிந்தது. மற்றவர்களும் பின்பற்ற வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே டி-மொபைல் 2020-இல் ஸ்பிரின்ட் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது!

பிரிட்டனில் 2025 மே மாதம் வோடபோனும் திரீயும் சேர்ந்தன. வலையமைப்பில் பெருந்தொகை முதலீடு செய்ய வேண்டும், மூன்றாண்டுக்குச் சில கட்டணங்களை வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை போட்டார்கள். விலைக்கே வரம்பு கட்டும் அந்த முறையை நம்மவர்களும் கவனிக்க வேண்டும்.

பட்டணத்துக்கு ஒரு கணக்கு, தோட்டத்துக்கு ஒரு கணக்கு

கிள்ளானிலோ ஈப்போவிலோ இருப்பவருக்குச் செல்காம்டிஜி பிடிக்காவிட்டால் மெக்சிஸ் உண்டு, யு மொபைல் உண்டு, சில்லறைக் கம்பெனிகள் உண்டு. அவருக்கு பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

செம்பனைத் தோட்டத்துக்குள் பத்து மைல் தள்ளி இருப்பவர் நிலை வேறு. அங்கே ஒரு கம்பெனிக்குத்தான் கோடு காட்டும். அந்த இடத்தில் செல்காம் மட்டும் எட்டியிருந்தால், டிஜி எண் வைத்திருந்தவருக்கு இந்த இணைப்பு லாபம். இனி அவர் மேட்டில் ஏறி நின்று பேச வேண்டாம். ஆனால் செல்காம், டிஜி இரண்டும் எட்டிய இடமாக இருந்தால், இரண்டு கடை ஒரு கடையாகிவிட்டது.

2020-இல் சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி, பல்கலைக்கழகத் தேர்வு எழுத இணையத் தொடர்பு கிடைக்காமல், மரத்தின் மேல் ஒரு நாள் முழுதும் தங்க வேண்டியிருந்ததை நாடே பார்த்தது. சந்தைப் போட்டியை மட்டும் நம்பினால் அந்த மரத்தடிக்குக் கோபுரம் வராது. அங்கே லாபம் இல்லை. அதனால்தான் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானம் உள்ள உரிமதாரர்களிடம் 6 விழுக்காடு வசூலித்துப் பொதுச் சேவை நிதி ஒன்றை அரசாங்கம் வைத்திருக்கிறது. 2020-இல் அறிவித்த ஜென்டெலா திட்டத்தில், ஒரே கோபுரத்தைப் பல கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் முறையும் வந்தது. தோட்டத்துக்கு ஏற்ற மருந்து இதுவே. கோபுரம் ஒன்றாக இருக்கட்டும். அதில் ஏறும் கம்பெனிகள் பலவாக இருக்கட்டும். அப்போது கோபுரச் செலவும் மிச்சம், நமக்கு பஸ்ஸும் உண்டு.

நாம் செய்யக்கூடியது

முதலாவதாக, எந்தக் கம்பெனியின் கோடு நம் வீட்டில் நன்றாக எட்டுகிறது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். எண்ணின் முதல் இலக்கங்களை நம்பிக் கம்பெனியைத் தீர்மானிக்காதீர்கள். அந்தக் காலம் போய்விட்டது.

இரண்டாவதாக, கைப்பேசி இலவசம் என்று சொல்லி இரண்டு வருட ஒப்பந்தத்தை நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் மாதக் கட்டணத்தை 24-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒப்பந்தம் நடக்கும்வரை நீங்கள் பஸ் ஏற முடியாது.

மூன்றாவதாக, வருஷத்துக்கு ஒரு முறையாவது மற்றக் கம்பெனிகளின் விலையை விசாரியுங்கள். மாறத்தான் வேண்டும் என்பதில்லை. விசாரிக்கும் வாடிக்கையாளருக்குக் கம்பெனி ஒரு விலை வைக்கும். விசாரிக்காதவருக்கு வேறு விலை வைக்கும்.

நான்காவதாக, உங்கள் தோட்டத்தில் கோடு எட்டவில்லை என்றால் கம்பெனியிடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். பதில் இல்லையேல் ஆணையத்துக்கு எழுதுங்கள். தோட்டத்தின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, பள்ளி இருக்கிறதா என்ற விவரங்களோடு பத்துக் குடும்பத்தார் கையெழுத்திட்டு அனுப்பினால், ஒருவர் தனியாக எழுதுவதைவிட அதற்குப் பலம் அதிகம்.

கம்பெனிகள் சேர்ந்துகொள்ளலாம், அதற்கு அவர்களுக்குக் காரணம் உண்டு. சேர்ந்த பிறகு கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார்களா என்று கேட்பதற்கு நமக்கும் காரணம் உண்டு. மாதா மாதம் வெள்ளியைக் கட்டுபவர்கள் நாம்தானே!