இருளைக் கெடுக்காத விளக்கு

இரவில் விளக்கெரியும் வீட்டிலிருந்து வாசலுக்கு வருகிறோம். முதலில் ஒன்றுமே தெரிவதில்லை. படிக்கட்டைக்கூடக் காலால் தடவித்தான் இறங்குகிறோம். சற்று நேரம் நின்றால் வேலி தெரிகிறது. அப்பால் ரப்பர் மரங்களும் தெரிகின்றன. இருள் மாறவில்லை, நம் கண்தான் மாறியது. வாசற்படியில் இதனால் வரும் துன்பம் கால் இடறுவதோடு போய்விடும். ஆகாயத்தில் விமானம் ஓட்டும் ஒருவருக்கு இந்நிலை நேர்ந்தால் என்ன ஆவது? தம் கையாலேயே சிறு விமானம் கட்டிக்கொள்பவர்கள் அதனுள்ளே எத்தகைய விளக்கைப் பொருத்த வேண்டும் என்பதை இன்று காண்போம்.

வீட்டில் விமானம் கட்டுவதா என்று சிலர் வியக்கலாம். அமெரிக்காவில் இது பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. 1953-ஆம் ஆண்டு பால் போபெரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் இத்தகையோருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ விமானத்தின் பெரும்பகுதியைத் தாமே கட்டியவர்களுக்கு அந்நாட்டு அரசு தனிப்பிரிவில் சான்று வழங்குகிறது. இரவில் பறக்க வெளிப்புறத்தில் இன்னின்ன விளக்குகள் வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. உள்ளே எந்த நிறம், எந்த இடம் என்பதையோ பெரும்பாலும் கட்டுபவரே முடிவு செய்கிறார். அம்முடிவு தவறானால் அவருக்கு மட்டுமா ஆபத்து? நம்பிப் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கும் அல்லவா?

முதலில் கண்ணைப் பற்றி அறிந்துகொள்வோம். நம் விழித்திரையில் கூம்புகள், கோல்கள் என இருவகை அணுக்கள் உண்டு. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்புகள். மங்கிய ஒளியில் காட்டுபவை கோல்கள். கோல்களில் ரோடாப்சின் என்னும் பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதைகிறது. இருளில் மீண்டும் உருவாகிறது. கண் இருளுக்கு நன்கு பழக ஏறக்குறைய 30 நிமிடம் வேண்டும். அப்படிப் பெற்ற பார்வையைக் கெடுக்க ஒளிமிக்க விளக்கின் சில விநாடிகளே போதும். ஆகவே நல்ல உள்விளக்கு என்பது நிறைய வெளிச்சம் தருவதன்று. மிகக் குறைவாகத் தர வல்லது.

நிறம் எதுவாக இருக்கலாம்? ஆழ்ந்த சிவப்பு ஒளி கோல்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களிலும் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் சிவப்பு விளக்கைப் பயன்படுத்தினர். ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. அமெரிக்க விமானப் படங்களில், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையங்களைக் கருஞ்சிவப்பு மையால் குறிக்கின்றனர். சிவப்பு ஒளியில் அக்குறி வெள்ளைத் தாளோடு கலந்து மங்கிவிடும். அவசரமாக இறங்க இடம் தேடுபவருக்கு அந்தக் குறியே உயிராக இருக்கலாம்! மேலும் சிவப்பு ஒளியில் கிட்டத்தில் உள்ள சிற்றெழுத்தைப் படிப்பது நாற்பதைக் கடந்த கண்களுக்குக் கடினம். ஆகவே நன்றாக மங்கவைக்கக்கூடிய வெள்ளை ஒளியே இன்று பலரால் விரும்பப்படுகிறது. கருவிகளுக்குச் சிவப்பும், படம் பார்க்க மங்கிய வெள்ளையுமாக இரண்டையும் வைத்துக்கொள்வோரும் உண்டு.

அடுத்தது, இடம். கருவிப் பலகைக்கு மேலே உள்ள மறைப்பின் அடியில் விளக்கை வைத்தால், ஒளி கருவிகளின்மேல் விழும். விளக்கு கண்ணில் படாது. திறந்தபடி வைத்தாலோ முன்கண்ணாடியில் அதன் நிழலுருவம் தெரியும். அதை வேறொரு விமானத்தின் விளக்கென்று மயங்கவும் கூடும்.

மின்சாரத்தையும் கணக்கிட வேண்டும். 5 வாட் பழைய பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் ஏறக்குறைய 0.8 ஆம்பியர் இழுக்கும். 1 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 0.1 ஆம்பியர்கூட வேண்டியதில்லை. மின்னாக்கி பழுதாகி, மின்கலம் ஒன்றையே நம்பித் தரைதேடும் வேளையில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. ஆனால் எல்.இ.டி. விளக்கை மங்கவைக்கும் சில கருவிகள் அதை மிக வேகமாக அணைத்து ஏற்றுகின்றன. அதனால் வானொலியில் இரைச்சல் எழக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-இல் ஆர்ஸ்டெட் கண்டறிந்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். திசைகாட்டிக்குரிய சிறு விளக்கும் அவ்வாறே ஊசியைத் திருப்பிவிடலாம். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுசென்றால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று பெரும்பாலும் நீக்கிவிடும்.

எல்லாம் பொருத்திய பின், பறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். இருண்ட இரவில், தரையில் நிற்கும் விமானத்தில் அரைமணி நேரம் அமர வேண்டும். பிறகு விளக்கை மிகக் குறைத்து ஏற்றி, கருவிகளைப் படிக்க முடிகிறதா, வெளியே மரமும் விண்மீனும் இன்னும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். விளக்கைக் கூட்டியும் குறைத்தும் வானொலியைக் கேட்க வேண்டும். திசைகாட்டியின் ஊசி அசைகிறதா என்றும் கவனிக்க வேண்டும். கடைசியாக எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கைவிளக்கைத் தடவி எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தனி மின்கலத்தில் எரியும் கைவிளக்கு, கண்ணை மூடினாலும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது அவசியம்.

நேயர்களே, விளக்கு என்றால் இருளை விரட்டுவது என்றே நாம் எண்ணுகிறோம். இரவில் பறப்பவருக்கு அந்த இருளும் தேவை. அவர் இறங்க வேண்டிய ஓடுபாதையின் விளக்குகள் அந்த இருளில்தான் தெரிகின்றன.