மந்திர வாளும் மண்கலமும்

மாயக் கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் வீரன் கையில் மந்திர வாள் ஒன்று இருக்கும். அதனை ஆக்கும் முறையும் அங்கே கூறப்படும்: அரிய மூலிகை, கடுநெருப்பு, மறைவாக ஓதும் மந்திரம். இவற்றுள் மந்திரத்தை மட்டும் நீக்கினால், எஞ்சுவது நம் கொல்லர்கள் மெய்யாகவே செய்த தொழில்.

டமாஸ்கஸ் வாள்களின் மேல் நீரலை போன்ற வரிகள் ஓடும். அவற்றின் கூர்மையைப் பற்றி ஐரோப்பாவில் வியப்பூட்டும் கதைகள் பல எழுந்தன. அத்தகைய வாள்களுக்குரிய எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிச் சென்றது. ஆங்கிலேயர் அதனை ‘ஊட்ஸ்’ என்றனர். ‘உக்கு’ என்னும் கன்னடச் சொல்லின் திரிபு அது என்பர். தமிழில் அதன் பெயர் உருக்கு.

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா ஹீத், 19ஆம் நூற்றாண்டில் இதன் செய்முறையை எழுதிவைத்தார். மூசை எனப்படும் சிறு மண்கலத்தில் இரும்புத் துண்டுகளை நெருக்கமாக அடுக்குவர். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சிகளை நறுக்கி இடுவர். அதன்மேல் ஓரிரு பச்சை எருக்கிலைகளை வைத்து, பிசைந்த களிமண்ணால் வாயை அடைப்பர். மண் உலர்ந்ததும் இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தி கொண்டு ஊதுவர். ஆறிய மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி இருக்கும்.

வாயை அடைப்பதில்தான் நுட்பம் உள்ளது. காற்றுப் புகாமையால் குச்சியும் இலையும் எரிந்து சாம்பலாகாமல் கரியாகின்றன. அக்கரி இரும்பினுள் கலக்கிறது. பாண்டுப் நிலையத்தில் நீங்கள் நாள்தோறும் காணும் தண்டவாளத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கரி உண்டு. ஊட்ஸ் எஃகிலோ ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு உண்டு. மெல்ல ஆறும்போதும் மிதமான சூட்டில் தட்டும்போதும் கரி மிகுந்த துகள்கள் வரிசை வரிசையாகப் படிகின்றன. அவையே அலைவரிகள்.

கொல்லர் மகனாகிய மைக்கேல் ஃபாரடே 1819இல் இவ்வெஃகை ஆராய்ந்து, அலுமினியமே இதன் சிறப்புக்குக் காரணம் என்று எண்ணினார். கரியே காரணம் என்பது பின்னர் விளங்கியது. ஆவாரங்குச்சியை நறுக்கிய கைகள் அதனை முன்பே அறிந்திருந்தன!

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப் பாடப்பட்ட ஊர். அங்கு நிகழ்ந்த அகழாய்வில் இரும்புருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. ஆலையில் செய்த மலிவான எஃகு இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியபின், நாட்டு உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தந்தை மகனுக்குக் கைப்பழக்கமாகக் கற்பித்த தொழில் ஆதலால், கொல்லர்கள் அதனை ஏட்டில் எழுதவில்லை. இன்று ஆய்வாளர்கள் பழைய வாள்களின் சிறு துண்டுகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அம்முறையை மீண்டும் தேடிக் கற்கின்றனர்.