எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம்!

'ப்ளஸ் டூ-ல என்ன குரூப்?'

கல்யாணப் பந்தியில் இலை போட்டதுமே வரும் கேள்வி. 'பயோ-மேத்ஸ்' என்றால் இலையில் இன்னொரு வடை விழும். 'காமர்ஸ்' என்றால், 'பரவாயில்லை, சி.ஏ. பண்ணலாம்' என்று ஆறுதல் கிடைக்கும். 'சோஷியாலஜி' என்று சொல்லிப் பாருங்கள்... 'அதான் பத்தாவதோட முடிஞ்சுடுச்சேப்பா!'

அது சோஷியல், சார். இது சமூகவியல். சி.பி.எஸ்.இ. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் விருப்பப் பாடம். பன்னிரண்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 80 மார்க், பிராக்டிகலுக்கு 20. லேப் கிடையாது, தவளை கிடையாது. நாலு பேரிடம் போய்ப் பேட்டி எடுப்பதும், சர்வே செய்வதும், சும்மா நின்று கவனிப்பதும்தான் பிராக்டிகல்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பென்சீனைப் பற்றி ஏற்கெனவே அபிப்பிராயம் வைத்துக்கொண்டு யாரும் கெமிஸ்ட்ரி வகுப்புக்குள் நுழைவதில்லை. ஆனால் குடும்பம், ஜாதி, வரதட்சணை? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த அத்தனை பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்! அதனால்தான் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், தெரியும் என்று நினைப்பதைக் கொஞ்சம் மறக்கவும் பழகச் சொல்கிறது.

ஸ்ரீபுரம் எங்கே?

வங்காளத்தில் பிறந்த ஆந்த்ரே பெத்தேய் 1961-ல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வந்து தங்கினார். 1965-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஊருக்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர். அக்ரஹாரம், குடியானவர் தெரு, சேரி... ஊர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த அதே தெருக்கள்தான். நிலமும் அந்தஸ்தும் அதிகாரமும் ஒரு காலத்தில் ஒரே தெருவில் குவிந்திருந்தன; ஓட்டும் பஞ்சாயத்தும் வந்த பிறகு அதிகாரம் அடுத்த தெருவுக்கு நகர ஆரம்பித்தது என்று அவர் காட்டினார். தினம் நடக்கிற தெருவிலும் பார்க்காமல் விட்டது எவ்வளவோ!

யார் குற்றம்?

பதினொன்றாம் வகுப்பில் சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கர் வருகிறார். 1959-ல் அவர் போட்ட கணக்கு இது: ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊரில் ஒருத்தனுக்கு மட்டும் வேலை இல்லையென்றால், அவன் திறமையைச் சந்தேகப்படலாம். ஐந்து கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால்? அத்தனை பேருமா சோம்பேறி?

டிகிரியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையனை 'உனக்குச் சாமர்த்தியம் போதாதுடா' என்று அப்பா திட்டும்போது, இந்தக் கணக்கு தெரிந்திருப்பது சின்ன விஷயமில்லை. தினமும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டாம் அல்லவா?

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், வேலையில் இருக்கும் நமக்கும் கொஞ்சம் உறுத்தும். எனக்கு வேலை கிடைத்தது முழுக்க என் மூளையாலா? அப்பா ஃபீஸ் கட்டியது, படிக்க ஒரு மேஜை இருந்தது, நான் படிக்கும்போது அக்கா பாத்திரம் தேய்த்தது... இதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

வேலை கிடைக்குமா?

நியாயமான கேள்வி. சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள், மொத்தம் 500 மார்க். சட்டம், பத்திரிகை, சமூகப்பணி என்று போகிறவர்களுக்கும் கை கொடுக்கும். ஆனால் எல்லாரும் கலெக்டர் ஆகிவிட முடியாது. நாலு பேரோடு வாழ்வது மட்டும் எல்லாருக்கும் கட்டாயப் பாடம்.

பள்ளியில் இதைப் படிக்காதவர்களுக்கு ஒரு சின்ன பிராக்டிகல். 'ஆபீஸ் பையன்' என்று நாம் சொல்கிறோமே, நாளைக்கு அவர் டீ கொண்டு வரும்போது வயதைக் கேளுங்கள்.

'ஐம்பத்திரண்டு, சார்' என்று பதில் வந்தால், முதல் பாடம் ஆரம்பம்!